மலைமக்களும் ஊழியரும்

ஒரு நாட்டின் நலத்தை அளந்தறிய விரும்புவோர் அந்நாட்டு நகரங்களின் மாடமாளிகைகளையே நோக்குவராயின் உண்மையை உணரமாட்டார். வண்டித்தடம் முடிவுறும் இடத்திற்கு அப்பால், மலைச்சரிவிலே தனித்து நிற்கும் குடிசையொன்றிற் பிறந்த குழவி தன் முதலாண்டு நிறைவைக் காணுமா என்பதே தக்க அளவுகோலாகும். அக்குழவி பிழைத்து வளர்ந்து வாலிபப் பருவம் எய்தியபின், தன் ஊரிலேயே மதிப்புடன் வாழ வழியுண்டா என்பது இரண்டாவது அளவுகோல். முன்னது வைத்தியர்க்குரிய செய்தி என்றும், பின்னது உபாத்தியாயர்க்கும் அரசினர்க்கும் உரிய செய்தி என்றும் பலர் பிரித்துரைப்பர். நாம் ஈண்டு எடுத்துக்காட்டப் புகுவது யாதெனின், மலைநாட்டைப் பொறுத்தமட்டில் இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதும், இப்பணியை நாடோறும் செய்து நிறைவேற்றுவோர் புகழ்பெற்ற தலைவரைக் காட்டிலும் பெயரறியப்படாத ஊழியரே என்பதுமாம்.

மலையும் மக்களும்

சேலம் நகரில் நின்று வடதிசை நோக்குவார்க்குச் சேர்வராயன் மலை கண்முன்னே எழுந்து தோன்றும். அதன்மேல் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. ஏரியும் காடும் சேர்ந்து இப்பெயர் பிறந்ததென்பர். 1820 முதல் 1829 வரை சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையவர்கள் இம்மலையிற் காப்பிப் பயிரைப் புகுத்தினார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. துரைமார் மாளிகைகளும் கிறிஸ்தவ ஆலயங்களும் பெயர்பெற்ற பாடசாலைகளும் எழுந்தன. இன்று கோடைகாலத்தில் அங்குச் செல்வோர் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறி, ஏரியையும் மூடுபனியையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். ஆனால் அம்மலைக்கு உரியோரைக் கண்டு திரும்புவோர் மிகச் சிலரே.

அவ்வுரியோர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயரைக் கேட்டதும் கேரள நாட்டாரை நினைத்தல் கூடாது. மலையில் வாழ்வோர் என்பதே இதன் பொருள். அவர்தம் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிமாநகரத்தினின்று புறப்பட்டு வந்த மூன்று உடன்பிறந்தார் என்றும், அவருள் மூத்தவர் சேர்வராயன் மலையிலும், ஏனையோர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினர் என்றும் அவர்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். சேர்வராயன் உச்சியிலுள்ள குகைக்கோயிலில் மே மாதந்தோறும் நடைபெறும் திருவிழாவிற்குச் சுற்றுப்புறத்து மலைவாசிகள் திரண்டு வருவர். கல்ராயன் மலையிலும் சித்தேரி மலையிலும் வாழ்வோர் இவ்வினத்தவரே. ஆதலின் சேர்வராயன் மலையைப் பற்றிப் பேசப் புகுவோர் இம்மலைகள் அனைத்தையும் ஒரு குடும்பமாகக் கருதுதல் பொருத்தமுடைத்து.

ஏற்காட்டு ஊருக்குத் தார்ச்சாலை உண்டு, மருத்துவமனையும் உண்டு. ஆனால் இம்மலைக் குடும்பத்தின் உட்புறச் சிற்றூர்கள் பலவற்றிற்கு நெடுங்காலம் ஒற்றையடிப் பாதையே துணையாயிருந்தது. பிரசவ வேதனையுற்ற பெண்ணைத் தூளி கட்டித் தோளிற் சுமந்து கீழிறக்குதல் அங்கு வழக்கமாயிருந்தது. இறங்கும் வழியிலேயே உயிர் நீங்கினார் எத்தனையோ பேர். சமவெளியில் எளிதில் தீரும் நோய் மலையிற் கொல்லும் நோயாவதற்குக் காரணம் நோயின் கொடுமை அன்று, தொலைவின் கொடுமையே.

கொல்லிமலையில் ஒரு முன்னோடி

1913 ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கில மிஷனரியும் அவர்தம் மனைவியார் ஈவ்லின் அம்மையாரும் கொல்லிமலையிற் குடிபுகுந்தனர். பிராண்டு வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர். வெப்பநாட்டு நோய்களைக் குறித்துச் சிறிது காலம் பயின்றவர், கட்டிடவேலை அறிந்தவர். அவ்விரண்டும் அம்மலைக்கு வேண்டியவையாயின.

அக்காலத்தில் மலைவாசிகளைப் பெரிதும் வருத்திய நோய்களுள் ஒன்று நரம்புச் சிலந்தி. காலிலே கொப்புளம் தோன்றும். அது உடைந்தவுடன் நூல்போன்ற புழுவொன்று வெளிப்படும். அப்புழு இரண்டு மூன்று அடி நீளமிருக்கும். அதனை ஒரு குச்சியிற் சுற்றி, நாளுக்குச் சிறிதாக, அறுந்துவிடாமல் இழுத்தெடுத்தல் வேண்டும். அறுமாயின் புண் சீழ்கொண்டு நோயாளி பல வாரம் நடக்கலாற்றாது கிடப்பார். பிராண்டு இவ்வாறு புழுக்களை எடுத்ததோடு நின்றுவிடவில்லை. இந்நோய் பரவும் வகையை ஊரார்க்கு எடுத்துரைத்தார். புண்பட்டோர் படிக்கிணற்றில் இறங்கிக் கால் நனைக்கும்போது புழுவின் குஞ்சுகள் நீரிற் கலக்கின்றன. நீரில் வாழும் மிகச்சிறு பூச்சிகள் அவற்றை உட்கொள்கின்றன. அந்நீரை வடிகட்டாமற் பருகுவோர் உடலிற் புழு வளர்ந்து, ஏறக்குறைய ஓராண்டு சென்றபின் காலின் வழியே வெளிவருகிறது. ஆகவே கிணற்றைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பி எவரும் உள்ளே இறங்காவண்ணம் செய்தலும், குடிநீரைத் துணியில் வடிகட்டுதலுமே போதுமான மருந்துகள். இவற்றுள் எதற்கும் வைத்தியசாலை வேண்டுவதில்லை. ஊரார் உணர்ந்து செய்தலே வேண்டும். இம்முறையே பிற்காலத்தில் நாடெங்கும் கையாளப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் இந்தியா இந்நோய் நீங்கிய நாடென உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

பிராண்டு 1929 இல் கொடிய காய்ச்சலால் அம்மலையிலேயே உயிர்நீத்தார். ஈவ்லின் அம்மையார் மிஷன் விதிப்படி ஓய்வுபெறும் வயதை அடைந்தபின்னும் தாய்நாடு திரும்பாது, தம் சொந்தப் பொறுப்பில் மீண்டும் மலையேறி, கொல்லிமலையிலும் அதற்கப்பாலுள்ள மலைகளிலும் மட்டக்குதிரைமீது ஊர்ந்து ஊர் ஊராகச் சென்று 1974 ஆம் ஆண்டில் இறக்குமளவும் தொண்டு புரிந்தார்.

இவர்தம் குமாரர் டாக்டர் பால் பிராண்டு 1914 இல் பிறந்து, மலைவாசிச் சிறுவரோடு விளையாடி வளர்ந்தவர். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றி, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சத்திர சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை வகுத்து உலகப்புகழ் பெற்றார். கை நிமிர்ந்த வாலிபர் மகிழ்ச்சியோடு வீடு சென்றனர். ஆனால் சில நாளில் மனமுடைந்து திரும்பி வந்தனர். முன்னர் மடங்கிய கையைக் கண்டு இரங்கிப் பிச்சையிட்டோர் இப்பொழுது இடவில்லை. தொழுநோயர் என அறிந்தோர் வேலையும் தரவில்லை. நலம்பெற்ற கைக்கு வேலை வேண்டும் என்பதை உணர்ந்த டாக்டர் பிராண்டு, அவ்விளைஞர்க்குத் தச்சுவேலை முதலியன கற்பிக்க நவஜீவ நிலையம் என்னும் தொழிலகத்தை அமைத்தார். நோய் தீர்த்தலும் இளையோரை நிலைநிறுத்தலும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என நாம் முன்னர்க் கூறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு

நிற்க, மிஷனரிமார் காலம் கடந்தபின் இத்தகைய பணி அற்றுப்போயிற்றோ எனின், இல்லை. சேர்வராயன் மலைக்குக் கிழக்கே, சித்தேரி மலைக்கும் கல்ராயன் மலைக்கும் இடையே சிட்டிலிங்கி என்னும் பள்ளத்தாக்கு உளது. 1965 இல் சேலம் ஜில்லாவினின்று பிரிக்கப்பட்ட தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. மலையாளிகளின் சிற்றூர்கள் இருபதுக்கு மேலும், லம்பாடிகளின் தாண்டாக்கள் சிலவும் அங்குள்ளன.

டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்னும் தம்பதியர் கேரளத்தில் மருத்துவம் பயின்று, திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள காந்திகிராமத்து மருத்துவமனையிற் பணிபுரிந்தவர்கள். காந்திகிராமம் டாக்டர் சௌந்திரம் அம்மையாராலும் அவர்தம் கணவர் ஜி. இராமச்சந்திரன் அவர்களாலும் 1947 இல் தோற்றுவிக்கப்பட்ட நிலையம் என்பது நம் வாசகர் பலரும் அறிந்ததே. அங்கு நெடுந்தொலைவினின்று வரும் நோயாளிகளைக் கண்ட இவ்விருவரும், மருத்துவம் எட்டாத இடத்திற்கே சென்று வாழ்வதெனத் துணிந்து, இந்திய நாட்டின் பல பகுதிகளையும் சுற்றிப் பார்த்து, முடிவில் 1993 ஆம் ஆண்டில் சிட்டிலிங்கியை அடைந்தனர். அப்பொழுது பெரிய மருத்துவமனைக்குச் செல்வதற்கு நெடுந்தூரம் பயணம் செய்யவேண்டியிருந்தது. பிறந்த குழந்தைகளுள் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 150 ஓராண்டு நிறையுமுன் இறந்தன.

இவர்கள் 'டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற அமைப்பை நிறுவினர். பழங்குடியினர் நல முயற்சி என்பது இதன் பொருளாம். முதல் மருத்துவமனை மண்சுவரும் கூரையுங் கொண்ட குடிசை. மின்விளக்கொன்றும் நோயாளியைப் படுக்கவைக்கும் பலகையொன்றுமே அதன் முக்கியக் கருவிகள். சில ஆண்டுகளுக்குப் பின்னரே பத்துப் படுக்கைகள் கொண்ட கட்டிடம் எழுந்தது. இன்று முப்பதுக்கு மேற்பட்ட படுக்கைகளும் சத்திர சிகிச்சைக்கு வேண்டிய வசதிகளும் உள்ளன. சிசுமரணம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இருபதாகக் குறைந்துளது.

இம்மாறுதல் கட்டிடத்தால் விளைந்ததன்று. இரண்டு வைத்தியரால் மட்டும் விளைந்ததுமன்று. படித்த தாதிமார் அப்பள்ளத்தாக்கிற்கு வந்து தங்க ஒருப்படார் என்பதை உணர்ந்த இவர்கள், உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே பழக்கத் தொடங்கினர். ஓரளவு பள்ளிப்படிப்புடைய இளம்பெண்கள் மருத்துவமனையிலேயே தங்கிப் பயின்று, ஊசி போடுதல், பிரசவம் பார்த்தல், சத்திர சிகிச்சையில் உதவுதல் முதலியவற்றிற் கைதேர்ந்தனர். இஃதன்றி, ஒவ்வோர் ஊராரும் தம்மூர்ப் பெண்ணொருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினர். வயதில் மூத்தவரும் குடும்பத்தினருமான இவர்களே ஊர் நலப்பணியாளர். அமைப்பின் ஊழியருட் பெரும்பாலோர் இன்றும் அப்பள்ளத்தாக்கின் மக்களே.

ஊழியர் செய்வது யாது

எழுத்தறிவு குறைந்த ஊர்ப்பெண் ஒருத்தி மரணத்தை எவ்வாறு தடுக்க இயலும் என ஐயுறுவோர் உளர். அவ்வையத்தை நீக்குதல் இக்கட்டுரையின் முக்கிய நோக்கமாதலின், ஊர் நலப்பணியாளர்க்கு உலகெங்கும் கற்பிக்கப்படும் பணிகள் நான்கைச் சிறிது விரித்துரைப்போம்.

முதலாவது, கருவுற்ற பெண்ணைக் கண்காணித்தல். எடை ஏறுகிறதா, கால் வீங்குகிறதா, இரத்த அழுத்தம் மிகுகிறதா, கண்ணிமையின் உட்புறம் வெளிறியுள்ளதா என்பவற்றைத் திங்கள்தோறும் பார்த்துக் குறித்தல் வேண்டும். கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பதினொரு கிராமுக்குக் குறையின் அது சோகையாம். பிரசவத்தில் வழக்கமாகப் போகும் இரத்தமும் அவள் உயிருக்குக் கேடாகலாம். இதனை ஐந்தாம் மாதத்திலேயே அறிந்தால் இரும்புச்சத்து மாத்திரையும் கீரையும் கேழ்வரகும் கொடுத்துச் சரிசெய்யலாம். பிரசவ இரவில் அறிந்தால் எவராலும் பயனில்லை. இடர் நேரக்கூடியவர் இன்னார் என முன்னரே தெரியின், நாள் நெருங்குமுன் அவரை மருத்துவமனைக்கு அருகிற் கொண்டுவந்து தங்கவைத்தலுங் கூடும்.

இரண்டாவது, பிறந்த குழவியைக் குளிரினின்று காத்தல். மலைநாட்டில் இது மிக இன்றியமையாதது. குழவியை உடனே உலரத் துடைத்து, குளிப்பாட்டாமல், துணியிற் பொதிந்து, ஒருமணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டல் வேண்டும். சீம்பாலைப் பீச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைநீர் புகட்டும் வழக்கம் பல ஊர்களில் இருந்துவந்தது. நோயெதிர்க்கும் ஆற்றல் அச்சீம்பாலில் மிகுதியாக உளது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழவியைத் தாயின் மார்போடு வெறும் உடம்பிற் சேர்த்து அணைத்து வைத்தல் வேண்டும். 1978 ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவிலுள்ள பொகோட்டா நகரில், கதகதப்புப் பெட்டிகள் போதாமையால் டாக்டர் எட்கர் ரே என்பார் கையாண்ட இம்முறை, இன்று பெரிய மருத்துவமனைகளிலும் ஏற்கப்பட்டுளது.

மூன்றாவது, மூச்சை எண்ணுதல். குழந்தைகளைக் கொல்லும் நோய்களுள் நிமோனியா தலைமையானது. இருமும் குழந்தை அழாதிருக்கையில் ஒரு நிமிடத்திற்கு எத்தனைமுறை மூச்சு விடுகிறதென எண்ணல் வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழவிக்கு அறுபதும், ஓராண்டு வரை ஐம்பதும், அதன்மேல் ஐந்தாண்டு வரை நாற்பதும் எல்லையாம். இவ்வெல்லையை எட்டினால் உடனே மருந்து தொடங்கல் வேண்டும். ஒரு கடிகாரமும் எண்ணத் தெரிந்த பெண்ணும் இருப்பின் இந்நோயைக் காலத்தே கண்டுகொள்ளலாம்.

நான்காவது, வயிற்றுப்போக்கிற்கு நீரூட்டல். காய்ச்சி ஆறவைத்த நீர் ஒரு லிட்டரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி இட்டுக் கலக்கிச் சிறிது சிறிதாகப் புகட்டினால், நீரிழப்பால் நேரும் மரணம் பெரும்பாலும் தடுக்கப்படும். 1971 இல் வங்காள அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியபோது, நரம்பின் வழியாக ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலனபீஸ் இத்தகைய உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரைக்கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு ஏறத்தாழ முப்பதாயிருந்த மரணம் நான்கிற்குக் கீழே இறங்கிற்று.

இந்நான்கையும் நோக்குங்கால் ஓருண்மை புலனாகும். இவற்றிற் கற்றற்கரியது ஏதுமில்லை. ஆனால் இவற்றைச் செய்பவர் அவ்வூரிலேயே இருத்தல் வேண்டும். நள்ளிரவிலும் கதவைத் தட்டி அழைக்கத்தக்கவராதல் வேண்டும். மாமியாரும் பாட்டியும் அவர் சொல்லை மதித்தல் வேண்டும். வெளியூரிலிருந்து வந்த பட்டதாரி நூறுமுறை கூறினும் ஏறாத சொல், ஊர்ப்பெண் ஒருமுறை கூறின் ஏறும்.

பிணியின் வேர்

மருத்துவமனை நிலைபெற்றுப் பத்தாண்டுகள் சென்றபின் இவ்வமைப்பினர் ஊர்தோறும் நடந்து சென்று, உங்களுக்கு இப்பொழுது வேண்டுவது யாதென வினவினர். வேளாண்மையே தங்கள் கவலை என மக்கள் விடை பகர்ந்தனர். முன்னர்ச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து உண்டோர், பணப்பயிரை நாடி, உரத்திற்கும் பூச்சிமருந்திற்கும் கடன்பட்டு, விளைவு பொய்த்தபோது திருப்பூர் முதலிய இடங்களுக்குக் கூலிவேலை தேடிப் பெயர்ந்தனர். தாய்தந்தையர் பெயர்ந்த வீட்டிற் சிறுவரின் படிப்பும் உணவும் குலைதல் இயல்பன்றோ? சத்துணவின்றி மெலிந்த குழந்தைக்கு மருந்து கொடுத்து அனுப்பினால், அது மறுதிங்களே நோயுற்று வரும். நோயின் வேர் வயலில் இருந்தமையால் ஊழியமும் வயலுக்குச் செல்லவேண்டுவதாயிற்று.

2004 ஆம் ஆண்டளவில் உழவர் சிலரோடு இயற்கை வேளாண்மைச் சங்கம் தொடங்கப்பட்டது. நாளடைவில் நூற்றுக்கணக்கான குடும்பத்தினர் அதிற் சேர்ந்தனர். சிறுதானியங்களையும் மஞ்சளையும் விளைத்து, உள்ளூரிலேயே பதப்படுத்தி, இடைத்தரகரின்றி விற்கும் ஏற்பாடு உருவாயிற்று. பதப்படுத்தல், மூட்டை கட்டல், கணக்கெழுதல் ஆகிய வேலைகள் உள்ளூர்ப் பெண்களுக்கும் வாலிபர்க்கும் கிடைத்தன.

லம்பாடிகளின் தாண்டாவில் மற்றொரு செய்தி நிகழ்ந்தது. கண்ணாடித் துண்டுகளும் பலநிற நூலுங்கொண்டு ஆடையிற் பூவேலை செய்தல் லம்பாடிப் பெண்களின் குலக்கலை. சிட்டிலிங்கியில் அது மறைந்து முதியோர் சிலரிடமே எஞ்சியிருந்தது. டாக்டர் லலிதா அவர்களின் ஊக்கத்தால் அம்மூதாட்டியர் இளம்பெண்களுக்கு அதனைக் கற்பித்தனர். 2006 ஆம் ஆண்டளவில் தொடங்கிய அக்கைத்தொழிற் சங்கத்திற்குப் 'போர்கை' எனப் பெயரிட்டனர். பெருமிதம் என்பது அச்சொல்லின் பொருளாம். தம் மரபின் உடையை அணிய நாணிய பெண்கள், அதே தையலை விற்று வீட்டிற்கு வருவாய் கொணரும் நிலையை அடைந்தனர். இதுவும் ஒருவகை நோய்நீக்கமே. தம்மைத் தாமே இழிவாக எண்ணும் நோய்க்கு வைத்திய நூலில் மருந்தில்லை.

துளிர்

இளையோர் கல்வியைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். கட்டிடக்கலை பயின்ற அனுராதா, கிருஷ்ணா என்னும் தம்பதியர் இதே பள்ளத்தாக்கிற் குடியேறி, 2004 ஆம் ஆண்டளவில் 'துளிர்' என்னும் கற்றல் நிலையத்தைத் தொடங்கினர். பரீட்சையிற் தேறாமையாலோ வறுமையாலோ பள்ளியை விட்டு நின்ற வாலிபரைப் பயனற்றோர் என ஒதுக்குதல் நம் நாட்டு வழக்கமாயிற்று. துளிர் அவர்களையே வரவேற்றது. மண்ணும் மூங்கிலுங் கொண்டு வீடு கட்டுதல், மின்கம்பி பொருத்துதல், சூரிய ஒளியால் விளக்கேற்றுதல் முதலிய தொழில்களைச் செய்துகொண்டே கணக்கும் எழுத்தும் கற்கும் முறை அங்கு அமைந்தது. ஒரு சுவரை எழுப்புங்கால் நீளம், அகலம், செலவு ஆகியவற்றைக் கணக்கிடும் மாணாக்கன், கரும்பலகையில் விளங்காத கணிதத்தை மண்வெட்டியோடு விளங்கிக்கொள்ளுகின்றான். இவ்வாறு பயின்றோர் தம் ஊரிலேயே வீடு கட்டவும் விளக்குப் பொருத்தவும் வல்லராயினர்.

பிற இடங்களின் சான்று

சிட்டிலிங்கி ஒரு விலக்கன்று. மகாராஷ்டிர நாட்டில் ஜாம்கேட் என்னுமிடத்தில் டாக்டர் ரஜனிகாந்த் ஆரோளே, டாக்டர் மேபெல் ஆரோளே என்னும் கிறிஸ்தவத் தம்பதியர் 1970 இல் தொடங்கிய பணி இவ்வகைக்கு முன்மாதிரி. இவ்விருவரும் நம் வேலூர்க் கல்லூரியிற் பயின்றோர். எழுத்தறியாத ஊர்ப்பெண்களையே நலப்பணியாளராக்கி அவர்கள் கண்ட வெற்றி பிற நாட்டாரையும் அங்கு வந்து கற்கச் செய்தது. அந்நாட்டிலேயே கட்சிரோலிக் காட்டுப்பகுதியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் ஆகியோர் 1986 முதல் உழைத்து, பயிற்சி பெற்ற ஊர்ப்பெண்கள் வீட்டிலேயே குழவியைப் பேணுவதால் சிசுமரணம் பாதியளவிற்குக் குறைதலை 1999 இல் உலகறிய மெய்ப்பித்தனர். நம் தேயத்தரசாங்கம் பின்னர் வகுத்த ஊர்நலப் பெண்பணியாளர் திட்டத்திற்கு இத்தகைய முயற்சிகள் வழிகாட்டியாயின.

இடர்ப்பாடுகள்

இவ்வூழியத்தின் நன்மையை மட்டும் கூறி இடர்களை மறைத்தல் நேர்மையாகாது. முதலாவது இடர், பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் உள்ள பிளவு. மருத்துவமனையிலேயே பயின்ற பெண் பிரசவம் பார்ப்பதிற் பட்டதாரியினும் தேர்ந்தவளாயிருக்கலாம். ஆனால் அரசினர் அங்கீகரித்த தகுதிச்சீட்டு இல்லையேல் வேறிடத்தில் அவளுக்கு வேலையில்லை. இளையோர்க்கு வலிமை தருவதாகக் கூறும் அமைப்பு, தன்னிடத்திலேயே அவர்களைக் கட்டிவைக்கும் நிலை இதனால் நேரக்கூடும். தகுதியுடையோரைத் தக்க கல்லூரிகளுக்கு அனுப்பிப் படிப்பித்தலே இதற்கு மருந்து. அவ்வாறு படித்தவர் திரும்பாது போகலாமே எனின், போகலாம். அதற்காகப் படிப்பை மறுத்தல் நீதியன்று.

இரண்டாவது இடர், ஊழியரின் சோர்வு. சேவை என்னுஞ் சொல்லைக் காட்டி ஊதியத்தைக் குறைத்தல் பல நிலையங்களிற் காணப்படும் குறை. இரவெல்லாம் பிரசவ வேதனையுற்றவளின் அருகிருந்து, விடியலில் தன் வீட்டு அடுப்பை மூட்டும் பெண்ணுக்குத் தக்க கூலியும் ஓய்வும் உரிமையாக வேண்டும். பிறரைக் குணப்படுத்துவோர் தாம் நோயுறின் அவ்வூழியம் நெடுநாள் நில்லாது.

மூன்றாவது இடர் எல்லாவற்றினும் பெரிது. தோற்றுவித்தவர் முதுமையெய்தியபின் அமைப்பு என்னாகும்? ஒருவர் கருணையை நம்பி எழுந்த நிலையங்கள் அவரோடு மறைந்தமையை மிஷன் வரலாற்றிலும் காண்கிறோம். முடிவு செய்யும் அதிகாரம் எவ்வளவு விரைவில் ஊழியர் கைக்கும் ஊரார் கைக்கும் செல்கிறதோ, அவ்வளவிற்கே அமைப்பின் ஆயுள் நீளும். உழவர் சங்கமும் கைத்தொழிற் சங்கமும் தனித்தனியே பதிவுபெற்றுத் தம் கணக்கைத் தாமே நடத்துதல் இவ்வழியில் நல்ல அடையாளம்.

அரசாங்கத்தின் கடமையை இத்தகைய அமைப்புக்கள் ஏற்றுக்கொள்ளுதல் தகுமா எனச் சிலர் வினவுவர். ஆரம்ப சுகாதார நிலையமும், கிராம சுகாதாரச் செவிலியரும், 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 ஆம்புலன்ஸ் வண்டியும் மலைநாட்டிற்குப் பெரிதும் பயன்படுகின்றன. எவ்வமைப்பும் இவற்றிற்கு ஈடாகாது. ஆனால் வண்டி வந்து நிற்கும் சாலைக்கும் குடிசைக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடப்பது ஒரு மனிதரின் கால்களே. அங்கே தான் ஊர்ப்பணியாளரின் இடம் உளது.

மாணவர்க்கு

நம் கல்லூரி மாணவரும் மாணவியரும் ஆண்டுதோறும் ஏற்காட்டிற்கு உல்லாசப் பயணம் செல்லுகின்றனர். செல்லுதல் நன்றே. ஆனால் அம்மலையின் அழகைக் கண்டு வருவோர் அம்மலையின் மக்களையும் அறிந்து வருதல் வேண்டும். காப்பித் தோட்டத்திற் பழம் பறிக்கும் குடும்பத்தினர் எவ்வூரினின்று வருகின்றனர், அவ்வூர்க்குச் சாலையுண்டா, அவர்தம் மக்கள் எவ்வகுப்பு வரை படிக்கின்றனர் என்று பணிவோடு கேட்டறிதல் கூடும். கேட்டு இரங்குதலோடு அமையாது, விடுமுறைக் காலத்தில் இத்தகைய நிலையமொன்றில் ஒரு திங்கள் தங்கி, கற்பிக்கவன்று, கற்கச் செல்லுதல் இன்னும் நன்று. கணக்கு நூல் பயில்வோர் உழவர் சங்கத்தின் கணக்கைத் திருத்த உதவலாம். விஞ்ஞானம் பயில்வோர் கிணற்று நீரைச் சோதித்துக் கூறலாம். தமிழ் பயில்வோர் மலையாளிகளின் வாய்மொழி வரலாற்றை முதியோர் மறையுமுன் எழுதிவைக்கலாம்.

நம்மிற் பலர் மலைக்குச் செல்லமாட்டோம். உத்தியோகங்களிலும் தொழில்களிலும் சமவெளியிலேயே அமர்வோம். ஆயினும் மலைக்கிராமத்திலிருந்து முதன்முறையாகக் கல்லூரிக்கு வரும் மாணாக்கன் நம் வகுப்பிலும் விடுதியிலும் இருப்பான். அவனை அன்னியனாக நோக்காது அருகிருத்தி, அவன் தளருங்கால் பாடத்திலும் பணத்திலும் துணைநின்று, பட்டத்தோடு தன் ஊர்க்கு நிமிர்ந்து செல்லும்படி செய்வோமாயின், மலையேறாமலே மலைநாட்டு ஊழியத்திற் பங்குகொண்டவராவோம்.